அறுபத்திரண்டாம் பக்கம்

"வந்தவங்க எல்லாம் திரும்பிப் போனப்புறம் ஊரு என்னம்மா பண்ணும்?"

மகள் இதைக் கேட்டபோது அவளுக்கு ஏழு வயது. பள்ளி விடுமுறை. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல், தான் வேலை பார்த்த ஓட்டலுக்கே தாய் அவளைக் கூட்டி வந்திருந்தாள். வரவேற்பு மேசைக்குப் பின்னால் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, அம்மா சாவி கொடுப்பதையும் சாவி வாங்குவதையும் காலையிலிருந்து குழந்தை பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பேருந்து நிறைய ஆட்கள் பெட்டிகளோடு கிளம்பிப் போய், கூடம் வெறிச்சோடிய நேரத்தில்தான் இந்தக் கேள்வி வந்தது.

"அடுத்த ஆளுக்குப் படுக்கை விரிக்கும்" என்றாள் தாய், பதிவேட்டிலிருந்து தலையை எடுக்காமல்.

குழந்தை அதோடு விட்டுவிட்டாள். தாயால்தான் விட முடியவில்லை. சொன்ன பதில் சரியில்லை என்று மனதில் ஒரு ஓரம் உறுத்திக்கொண்டே இருந்தது.

பதினெட்டு வருடம் அந்த மேசைக்குப் பின்னால் நின்றாள். கணவர் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார். மகள் வளர்ந்து, படித்து, கல்யாணமாகி, விமானம் ஏறி வேறு தேசத்துக்குப் போனாள். அதே வருடம் ஓட்டல் கை மாறியது. புது முதலாளிகள் வாசலில் ஒரு இயந்திரத்தை வைத்தார்கள். அட்டையைச் செருகினால் அதுவே அறைச் சாவி கொடுத்தது, சிரிக்கவும் வேண்டியதில்லை. நாற்பத்து நான்கு வயதில் அவள் கையில் ஒரு நன்னடத்தைச் சான்றிதழும், தபாலில் படித்து வாங்கிய ஒரு பட்டமும், எவரைக் கண்டாலும் தானாக விரியும் ஒரு புன்னகையும் மிச்சம் இருந்தன.

அப்போதுதான் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. சுற்றுலா மற்றும் சமுதாய மேம்பாடு, முதுகலை, இரண்டு ஆண்டு. 'இந்தப் படிப்பை ஏன் தேர்ந்தெடுக்கிறீர்கள்?' என்று விண்ணப்பத்தில் அரைப் பக்கம் இடம் விட்டிருந்தார்கள். அவள் மகளின் கேள்வியை மட்டும் ஒரே வரியில் எழுதினாள். நேர்காணலில் பேராசிரியை அந்த வரியை இரண்டு முறை படித்துவிட்டு, "திங்கட்கிழமை வந்து சேர்ந்துக்குங்க" என்றார்.

வகுப்பில் பத்தொன்பது பேர். அவளைத் தவிர எல்லாரும் இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதுப் பிள்ளைகள். நேரில் 'அக்கா', முதுகுக்குப் பின்னால் 'ரிசப்ஷன்'. ஒரு வாரத்தில் அது அவள் காதுக்கு வந்தது. அவளுக்கு வருத்தமில்லை. கூப்பிட்ட பேருக்குத் திரும்பிப் பார்ப்பது அவளுக்குப் பழகிப் போயிருந்தது.

"அக்கா, நீங்க வேலைக்குச் சேர்ந்தப்ப எங்களுக்கெல்லாம் என்ன வயசிருக்கும்?" என்று கேட்டாள் ஒருத்தி. பேச ஆரம்பித்தால் கடைசி பெஞ்சு வரை கேட்கும் என்பதால் அவளுக்கு 'மைக்' என்று பெயர்.

"நீ முதல் நாள் ஸ்கூல் வாசல்ல அழுதுட்டு நின்னே பாரு, அன்னைக்குத்தான் சேர்ந்தேன்."

"நான் அழலை அக்கா. என்னைப் பார்த்து மத்தவங்கதான் அழுதாங்க."

வகுப்பே சிரித்தது. ரிசப்ஷனும் சிரித்தாள். ஆனால் மணி அடித்ததும் பிள்ளைகள் இரண்டும் மூன்றுமாகச் சேர்ந்து போனார்கள். அவள் தனியாகப் படி இறங்கினாள். 'வாங்க அக்கா' என்று யாராவது கூப்பிட்டிருந்தால் போயிருப்பாள். கூப்பிடக் கூடாது என்று யாருக்கும் எண்ணமில்லை. தோன்றவில்லை, அவ்வளவுதான். உலகத்துத் தனிமையில் பாதி, யாருடைய கெட்ட எண்ணமும் இல்லாமல் உண்டாவது.

அவள் குடியிருந்தது ஒரு மாடி அறை. ஒரு கட்டில், ஒரு மேசை, குளியலறைக் கதவுக்குப் பின்னால் ஒரு வாளி. வெள்ளிக்கிழமை மாலை அறைக்குள் நுழைந்தால் திங்கட்கிழமை காலைதான் வெளியே வருவாள். ஒரு திங்கட்கிழமை வருகைப் பதிவில் "இருக்கேன் மேடம்" என்று சொல்ல வாயைத் திறந்தபோது குரல் வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி சொன்னாள். சளி பிடித்திருக்கிறது என்று எல்லாரும் நினைத்தார்கள். இரண்டரை நாளாக அந்தக் குரலை எடுக்கவே வேலை இல்லாமல் இருந்தது என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் போனில் வருவாள். "இங்க வந்துடும்மா. படிப்பு முடிஞ்சா அங்க தனியா என்ன பண்ணுவே?"

"வரேன், வரேன். முதல்ல முடிக்கட்டும்."

மகள் வீட்டில் மாமியார், மாமனார், நாத்தனார் எல்லாரும் இருந்தார்கள். நல்லவர்கள்தான். ஆனால் விருந்தாளி எத்தனை நாள் விருந்தாளியாக இருக்க முடியும் என்பது ஓட்டலில் இருந்தவளுக்குத் தெரியாதா.

இரண்டாம் வருடம் களப்பணி வந்தது. ஆளுக்கு ஒரு ஊர். ஆறு வாரம் தங்கி ஆய்வு செய்து ஆய்வேடு எழுத வேண்டும். அந்த வருடம் சுற்றுலா அலுவலகம் கல்லூரிக்கு ஒரு கடிதம் அனுப்பியிருந்தது. எந்த ஆய்வேடு புதிதாக ஒன்றைக் காட்டுகிறதோ அதை வைத்து அந்த ஊருக்குத் திட்டம் போடுவார்கள். எழுதியவருக்கே அலுவலகத்தில் சமுதாயத் தொடர்பாளர் என்று நிரந்தர வேலை.

பேராசிரியை அவளைத் தனியாகக் கூப்பிட்டார். "மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க, வெளிப்படையா சொல்றேன். மத்த பசங்களுக்குப் பத்து கதவு இருக்கு. உங்க வயசுக்கு வெளியில இன்டர்வியூவுக்கே கூப்பிட மாட்டாங்க. இது ஒண்ணுதான் உங்களுக்கு."

"தெரியும் மேடம்" என்றாள். சேமிப்பு படிப்பு முடியும் வரைதான் தாங்கும் என்பதும் அவளுக்குத் தெரியும். இந்த வேலை, இல்லாவிட்டால் விமான டிக்கெட்.

அவளுக்கு விழுந்தது ஒரு ஏரிக்கரைக் குடியிருப்பு. பேருந்தின் கடைசி நிறுத்தத்தில் இறங்கி இருபது நிமிடம் நடக்க வேண்டும். முப்பத்திரண்டு வீடுகள். அதில் பதினொரு வீட்டில் மாடியில் அறை கட்டி ஹோம்ஸ்டே என்று வாடகைக்கு விட்டிருந்தார்கள். ஆண்கள் படகு ஓட்டினார்கள். பெண்கள் சமைத்து, அறையைக் கூட்டி, சிரித்தார்கள். அவள் போனது நல்ல சீசன். பதினொரு வீட்டிலும் இடமில்லை. பெட்டியை இழுத்துக்கொண்டே கடைசி வீடு வரை போய்விட்டாள்.

அந்த வீட்டுக்கு முன்னால் ஆறு கொடிகளில் வெள்ளைப் படுக்கை விரிப்புகள் காய்ந்தன. பதினொரு வீட்டு விரிப்புகளையும் துவைத்துக் கொடுப்பவள் அங்கே இருந்தாள். ஊருக்கு அவள் 'பெட்ஷீட் அக்கா'. ஐம்பதைத் தாண்டியிருப்பாள். ஈரக் கையை இடுப்பில் துடைத்துக்கொண்டு, வந்தவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"என் வீட்ல ரூம் எல்லாம் இல்லம்மா. ஒரு மூலை இருக்கு. மடிச்ச ஷீட்டை எல்லாம் உன் தலைமாட்டுலதான் அடுக்குவேன். சோப்பு வாசனை ஒத்துக்குமா?"

"பதினெட்டு வருஷம் அந்த வாசனையிலதான்கா இருந்தேன்."

"அப்ப பெட்டியை உள்ள வை. வெயில்ல நின்னுட்டுப் பேசுறே."

ரிசப்ஷன் வீடு வீடாகப் போய்க் கேள்வித்தாளை நிரப்பினாள். எத்தனை பேர் வருகிறார்கள், எத்தனை நாள் தங்குகிறார்கள், வந்ததால் எது கூடியது, எது குறைந்தது. இரண்டாம் வாரம் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. இரண்டு பகல் கண் திறக்க முடியவில்லை. நெற்றியில் ஈரத்துணி மாறிக்கொண்டே இருந்தது மட்டும் நினைவில் நின்றது. வாசலில் யாரோ சத்தம் போடுவது காதில் விழுந்தது.

"ஷீட் எங்க? கெஸ்ட் வந்து உக்காந்திருக்காங்க."

"வீட்ல ஆளுக்கு உடம்பு சரியில்ல" என்றது பெட்ஷீட் அக்காவின் குரல். "உன் கெஸ்ட்டை ஒரு நாள் பழைய ஷீட்டுல படுக்கச் சொல்லு. முதுகு ஒண்ணும் தேஞ்சு போயிடாது."

காய்ச்சல் விட்ட பிறகு கொடிகளை எண்ணிப் பார்த்தாள் ரிசப்ஷன். ஆறாவது கொடி காலியாக இருந்தது. இரண்டு வீடுகள் தங்கள் விரிப்புகளை டவுனுக்கு அனுப்ப ஆரம்பித்துவிட்டன என்று பக்கத்து வீட்டுப் பெண் சொல்லித்தான் தெரிந்தது. வீட்டுக்காரி வாயைத் திறக்கவில்லை. கேட்டதற்கு, "கை வலி கொஞ்சம் குறையும், விடு" என்றாள்.

அன்று மத்தியானம் பெட்ஷீட் அக்கா கொடிகளுக்கு நடுவே புகுந்து, "வா, நட. காத்து வாங்கினாத்தான் உடம்பு தேறும்" என்று அவளைக் கூட்டிக்கொண்டு போனாள்.

கொடிகளுக்குப் பின்னால் ஆளுயர நாணல். அதற்குள் ஒருவர் மட்டும் நுழையும்படி ஒரு தடம். அது போய் முடிந்த இடத்தில் ஏரி உள்ளே வளைந்து ஒரு சின்னக் குடாவாகக் கிடந்தது. தண்ணீரை ஒட்டி ஒரு தட்டைப் பாறை. ஊர்ப் பெண்கள் ஒன்பது பத்துப் பேர் இருந்தார்கள். ஒருத்தி கழுத்தளவு தண்ணீரில் கண்ணை மூடி நின்றாள். ஒருத்தி பாறையில் மல்லாந்து படுத்துத் தூங்கினாள். விருந்தினர்கள் சாப்பிட்டுவிட்டுத் தூங்கும் இரண்டு மணி நேரம் இந்த இடம் அவர்களுடையது. படகுகள் இந்தப் பக்கம் வருவதில்லை. அடியில் பாறை என்று ஆண்கள் வெளியாட்களிடம் சொல்லி வைத்திருந்தார்கள்.

"இங்க வந்தா மூஞ்சியைக் கழட்டி வெச்சுடணும்" என்றாள் பெட்ஷீட் அக்கா.

"எந்த மூஞ்சி?"

"அதான், 'வாங்க சார், வெந்நீர் ரெடி சார், இன்னொரு நாள் தங்கிட்டுப் போங்க சார்'ங்கற மூஞ்சி."

தூங்குவதாக நினைத்தவள் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "அவ மூஞ்சி கழட்டினா உள்ள இன்னும் மோசமா இருக்கும், பயந்துடாதீங்க."

ரிசப்ஷன் சிரித்தாள். சிரிப்பு எங்கேயோ வழுக்கி அழுகையாகிவிட்டது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. காய்ச்சலில் சிக்குப் பிடித்துக் கிடந்த தலைமுடியை ஒருத்தி பின்னால் உட்கார்ந்து பிரித்துச் சீவ ஆரம்பித்தாள். கணவர் போன பிறகு அவள் தலையை வேறொரு கை தொட்டதில்லை. அந்த அரை மணி நேரம், கடவுள் இருக்கிறாரா என்று அவளிடம் யாராவது கேட்டிருந்தால், இதோ பின்னால்தான் உட்கார்ந்திருக்கிறார் என்று சொல்லியிருப்பாள்.

நான்காம் வாரம் வரைபடம். இந்தப் படிப்பில் அது ஒரு முறை. ஊராரைக் கூட்டி, அவர்கள் ஊரை அவர்களையே தரையில் வரையச் சொல்வது. வருகிறவர்கள் எங்கே வரலாம், எங்கே வரக் கூடாது என்று அவர்களே குறிப்பது. பொதுக்கூடத்துத் தரையில் சாக்பீஸை வைத்தாள். ஆண்கள் முதலில் படகுத்துறையை வரைந்தார்கள். அது ஏரியைவிடப் பெரிதாக வந்தது.

"ஏரியை எங்கய்யா கொண்டு போய் வைக்கப் போறீங்க, மாடியிலயா?" என்று கேட்டாள் ஒரு பெண்.

அழித்து மறுபடி வரைந்தார்கள். பெண்கள் கிணறு, கடை, பிள்ளைகள் விளையாடும் திடல் எல்லாம் வரைந்தார்கள். பெட்ஷீட் அக்காவின் வீட்டுக்குப் பின்னால் ஒரு மூலை வெறுமையாக இருந்தது. பாறையில் படுத்துத் தூங்குபவள் வந்து அந்த மூலையின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். படம் முடியும் வரை எழுந்திருக்கவே இல்லை.

ரிசப்ஷனுக்குப் புரிந்தது. புரிந்தும், ஆறு வாரம் முடிந்து தன் மாடி அறையில் உட்கார்ந்து ஆய்வேடு எழுதும்போது கை சும்மா இருக்கவில்லை. பதினெட்டு வருடம் படிவம் நிரப்பியவள். காலியாக விட்ட கட்டம் அவளுக்குப் பிழை. அதோடு ஒரு நல்ல எண்ணமும் சேர்ந்துகொண்டது. நாம் எழுதாமல் விட்டால் நாளைக்கு யாராவது அங்கே சாப்பாட்டுக் கடை கட்டுவான். இது ஊர்ப் பெண்களின் இடம் என்று எழுதிவிட்டால் பாதுகாப்பு. அறுபத்திரண்டாம் பக்கத்தில் நாணலையும் தடத்தையும் குடாவையும் பாறையையும் தன் கையாலேயே அழகாக வரைந்து, சிவப்பு மையால் கோடு போட்டு, 'வருகையாளர்களுக்கு அல்ல' என்று எழுதி, அந்த ஒரே பிரதியைப் பேராசிரியையிடம் கொடுத்தாள்.

மூன்றாம் நாள் பேராசிரியை கூப்பிட்டனுப்பினார். முகமெல்லாம் மலர்ச்சி. "மத்த பக்கமெல்லாம் எல்லாரும் எழுதறதுதான். இந்தப் பக்கம்தான் உங்க ஆய்வு. ஆபீசர்கிட்ட போன்ல சொன்னேன். ஊர் பேரைக்கூட சொல்லலை, இப்படி ஒரு இடம் இருக்குன்னுதான் சொன்னேன். துள்ளிட்டார். மரப்பாலம், உக்காந்து பார்க்க ஒரு மேடை, 'யாரும் பார்க்காத குடா'ன்னு விளம்பரம். வேலை உங்களுக்குத்தான், வெச்சுக்குங்க."

"வரக் கூடாதுன்னுதானே மேடம் எழுதியிருக்கேன்?"

"அதனாலதான் வரணும்னு தோணுது."

அவளுக்கு ஓட்டல் நினைவுக்கு வந்தது. மாடிப்படிக்குப் பக்கத்தில் 'ஊழியர்களுக்கு மட்டும்' என்று எழுதிய கதவு ஒன்று உண்டு. விருந்தினர்கள் தள்ளித் தள்ளி அதன் கைப்பிடிதான் வருடத்துக்கு இரண்டு முறை கழன்றுபோகும். பதினெட்டு வருடம் அந்தக் கைப்பிடியை மாட்டச் சொல்லி ஆள் அனுப்பியவள் அவளேதான். இருந்தும் போய் எழுதினாள்.

"அவங்க சம்மதம் நான் வாங்கலை மேடம்" என்றாள்.

"ஆமா, அது வேணும்தான். ஃபார்ம் எடுத்துட்டுப் போய் அந்தப் பெண்கள்கிட்ட கையெழுத்து வாங்கிட்டு வந்துடுங்க, வெள்ளிக்கிழமைக்குள்ள. அவங்களுக்கும் இது வருமானம்தானே" என்றார் பேராசிரியை. அவர் கெட்டவர் அல்ல. அந்தப் பாறையில் உட்கார்ந்ததில்லை, அவ்வளவுதான்.

பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பத்துப் படிவங்களை மடியில் வைத்துக்கொண்டு போனாள். உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவது, அவர்கள் இடம், அவர்களே முடிவு செய்யட்டும் என்று வழியெல்லாம் மனதைத் தேற்றிக்கொண்டாள். வேண்டாம் என்றால் அவள் பிழைத்தாள். சரி என்றாலும் பிழைத்தாள்.

பெட்ஷீட் அக்கா கொடியில் விரிப்பை உதறிக்கொண்டிருந்தாள். "என்ன, ரெண்டு மாசத்துல எலும்பும் தோலுமா ஆயிட்டே. சாப்பிடறியா இல்லையா? வேலை என்னாச்சு? தினம் சாமிகிட்ட உன் பேரைத்தான் சொல்றேன். அவருக்கே அலுத்துப் போயிருக்கும்."

ரிசப்ஷன் எதையும் மறைக்காமல் சொன்னாள். பாறையைப் பற்றி எழுதியது, மரப்பாலம், மேடை, வரப்போகும் கூட்டம், கையெழுத்து எல்லாவற்றையும்.

பெட்ஷீட் அக்கா உதறின விரிப்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு நாணல் பக்கம் பார்த்தாள்.

"இதுல கையெழுத்துப் போட்டா உனக்கு வேலை கிடைச்சிடுமா?"

"கிடைக்கும்கா. ஆனா அதுக்காக நீங்க..."

"போடலைன்னா?"

"தெரியலக்கா. மக கூட போய் இருக்கணும்."

"அங்க உனக்குப் பிடிக்காது." விரிப்பைக் கொடியில் போட்டுக் கிளிப்பை மாட்டினாள். "குடு. எங்க போடணும்?"

"அக்கா, யோசிச்சுச் சொல்லுங்க. பாறை போயிடும்."

"பாறை எங்க போகும், அங்கயேதான் கிடக்கும். நாங்க வேற இடம் பாத்துக்கறோம்."

வேற இடம் இல்லை. அந்தக் கரையை அடி அடியாக அளந்து வரைந்தவள் ரிசப்ஷன். அது அவளுக்குத் தெரியும். பெட்ஷீட் அக்காவுக்கும் தெரியும். இருவரும் அதைச் சொல்லிக்கொள்ளவில்லை.

அன்று பாறையில் பத்துப் பேரும் கையெழுத்துப் போட்டார்கள். தலை சீவிவிட்டவள் ஈரக் கையைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டு போட்டாள். எப்போதும் தூங்குபவள் எழுந்து உட்கார்ந்து, "இவ்வளவு நாள் தூங்கினதுக்கு இப்பத்தான் பில் வருதா" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். விருந்தினர்களிடம் சிரிக்கும் அதே சிரிப்பு. அந்தப் பாறையில் அந்தச் சிரிப்பை அவள் கேட்டது அதுதான் முதல் முறை.

திரும்பி வரும்போது படிவங்களைப் பையில் வைத்து, பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முறைப்படி ஒரு குறையும் இல்லை. எல்லாம் சொல்லி, எல்லாம் கேட்டு, மனதார வாங்கிய சம்மதம். யாரும் அவளைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அவர்கள் சம்மதித்தது மரப்பாலத்துக்கு அல்ல, அவளுக்கு. வேண்டிய ஒருத்திக்குத் தங்களிடம் இருந்த ஒரே நல்ல பொருளை எடுத்துக் கொடுத்தார்கள். கொடுக்கிறார்கள் என்பதற்காக எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டுவிட முடியுமா? பேருந்து நிலையம் வந்து, நடத்துனர் "அம்மா, இறங்கலையா" என்று கேட்கும் வரை அவள் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை பேராசிரியையின் அறையில், "அந்தப் பக்கம் வேண்டாம் மேடம், எடுத்துடறேன்" என்றாள்.

"மறுத்துட்டாங்களா?"

அவள் ஆமாம் என்று தலையை ஆட்டினாள். அது பொய்தான். அதற்கு அவள் தனியாக, வேறோர் இடத்தில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள்.

பேராசிரியை ஆய்வேட்டைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு அறுபத்திரண்டாம் பக்கத்தை உருவி எடுத்து ஓர் உறையில் போட்டுக் கொடுத்தார். "இது உங்க பொருள், உங்ககிட்டயே இருக்கட்டும். மனசு மாறினா சொல்லுங்க."

பக்க எண்களை மாற்றி, பொருளடக்கத்தைத் திருத்தி, ஆய்வேட்டைக் கொடுத்தாள். தேர்ச்சி கிடைத்தது. சாதாரணத் தேர்ச்சி. மலையடிவாரத்து ஊர் ஒன்றைப் பற்றி எழுதிய மைக்குக்கு வேலை கிடைத்தது. மைக் ஓடி வந்து கட்டிக்கொண்டு, வராந்தா முழுக்கக் கேட்கும்படி, "அக்கா, உங்களுக்குத்தான் கிடைக்கும்னு எல்லாரும் சொன்னாங்க, எனக்கு ஒரு மாதிரி இருக்கு" என்று அழுதாள்.

"போடி, முதல் நாள் ஸ்கூல் மாதிரி அழுதுட்டு. நல்லாப் பண்ணு" என்று அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

ஏரிக்கரையிலிருந்து போன் வந்தது. "என்ன ஆச்சு? எந்தப் பாலமும் வரலையே, அளக்கக்கூட ஆள் வரலையே."

"அந்த இடம் தேறலைன்னு சொல்லிட்டாங்கக்கா."

"தேறலையா?" பெட்ஷீட் அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "எந்தக் குருடன் சொன்னான்? நாங்க என்னமோ நல்ல இடம்னு நெனச்சுட்டிருந்தோம். பாறையைக்கூட குடுத்தோமே, அப்பவுமா வேலை குடுக்கலை? நல்ல ஆபீசு. நான் சாமிகிட்டயும் ரெண்டு கேள்வி கேக்கத்தான் போறேன்."

"அவரை ஒண்ணும் சொல்லாதீங்கக்கா. பாவம்."

பேருந்து நிலையத்தில் விசாரணைக் கவுன்டரில் ஒரு இடம் காலியாக இருந்தது. முதுகலைப் பட்டத்தைக் காட்டி அதில் சேர்ந்துகொண்டாள். எந்தப் பேருந்து எந்த நடைமேடை என்று சொல்ல வேண்டும். சம்பளம் மாடி அறைக்குப் போதும். மகளிடம், "இப்ப வரலைம்மா, வேலை கிடைச்சிருக்கு" என்று சொன்னாள். "சரிம்மா, லீவு கிடைச்சா வா" என்றாள் மகள். அந்தக் குரலில் இருந்தது ஏமாற்றமா நிம்மதியா என்று தாய் ஆராயப் போகவில்லை.

உறை மேசையிலேயே கிடந்தது. பத்துக் கையெழுத்துகளையும் அதற்குள்ளேயே வைத்திருந்தாள். அது தன்னை ஒன்றும் செய்யாது என்றுதான் நினைத்தாள். ஆனால் மாதம் ஒன்று போனதும் பேராசிரியை கவுன்டருக்கே வந்துவிட்டார். "ஆபீசர் இன்னும் மறக்கலை. அந்தப் பெண்கள் மனசு மாறினா, ரெண்டாவதா ஒரு வேலை உருவாக்கித் தரேங்கறார். நீங்க இந்தக் கம்பிக்குப் பின்னாடி உக்கார்ந்திருக்கறது எனக்கு நல்லா இல்லை. அந்தப் பக்கம் இருக்குதானே?"

"இருக்கு மேடம்."

அந்த வாரம் முழுக்க மேசையைத் துடைக்கும்போது உறையைத் தூக்கவில்லை. அதைச் சுற்றியே துடைத்தாள். கவுன்டரில் ஒரு நாளைக்கு நானூறு பேர் அவளிடம் பேசினார்கள். நானூறு பேரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள். பதில் வந்ததும் முகத்தைப் பார்க்காமல் திரும்பினார்கள். அறைக்கு வந்தால் உறை காத்துக்கொண்டிருக்கும். தபால்தலை ஒட்டினால் போதும். அதற்குப் பிறகு ஒரு மேசை, ஒரு பெயர்ப்பலகை, தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட நாலு பேர். பத்துப் பெண்கள் சந்தோஷமாகக் கொடுத்ததுதான். திருடியது அல்ல. இப்படி ஒரு சனிக்கிழமை முழுக்கத் தனக்குத்தானே வாதாடிப் பார்த்தாள். ஒவ்வொரு வாதமும் சரியாகத்தான் இருந்தது. ஆறு கொடிகளில் ஒன்று காலியாக நின்றதும், அதைப் பற்றி ஒருத்தி வாயைத் திறக்காததும் மட்டும் எந்த வாதத்துக்கும் அடங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பகல், மகளின் போன் வந்து போன பிறகு, துணி ஊற வைக்கத் தண்ணீர் பிடித்தாள். பிடித்த வாளியைப் பார்த்துக்கொண்டு சற்று நின்றாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு போய் உறையைப் பிரித்து, அறுபத்திரண்டாம் பக்கத்தை எடுத்தாள். நன்றாகத்தான் வரைந்திருந்தாள். நாணல் ஒவ்வொன்றும் நாணலாகவே இருந்தது. அதைத் தண்ணீரில் விட்டாள். சிவப்பு மை முதலில் போனது. பிறகு தடம், பிறகு குடா. கையெழுத்துகளை ஒவ்வொன்றாகப் படித்து, ஒவ்வொரு பெயரையும் ஒரு முறை மெதுவாக வாய்க்குள் சொல்லி, படிவம் படிவமாக உள்ளே போட்டாள். பத்தும் போன பிறகு இரண்டு கையாலும் பிசைந்தாள். தாள் கூழாகி விரல்களுக்கிடையே வழிந்தது.

கடன் தீர்ந்தது என்று சொல்ல அங்கே ஆள் இல்லை. பார்த்தவர் ஒருவர் இருந்தால் அவரும் யாரிடமும் போய்ச் சொல்கிற வழக்கம் இல்லாதவர்.

அவள் கூழைப் பிழிந்து உருண்டையாக்கிக் குப்பைக் கூடையில் போட்டாள். வாளியைக் கவிழ்த்து அலசினாள். மறுபடி தண்ணீர் பிடித்து, சோப்புத் தூளைப் போட்டு, அந்த வாரத்துத் துணிகளை ஊற வைத்தாள்.